உசிரோட இருக்கிற பெத்தாட (பாட்டிட) படத்த மதில்ல ஒட்டினன், விடிய ஊரே துக்கம் விசாரிக்க வந்துட்டு. பேஸ்ட்-அப் தெரிஞ்ச ஆக்கள் ஒருக்கா சொல்லுங்க

வாவிக்கரைப்புள்ள எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு டவுன் பக்கம், ஓவியம் படிக்கிறன், ஒரு வருசமா இந்த பேஸ்ட்-அப்ல சரியான விருப்பம், அதுதான் தாள்ல வரைஞ்சோ பிரிண்ட் எடுத்தோ பசை பூசி சுவர்ல ஒட்டுற ஸ்ட்ரீட் ஆர்ட். வீட்டுல பழகிப் பழகி போன மாசம்தான் முதன்முதலா வெளியில ஒட்டினன். என்ட பெத்தாட முகம். நானே எடுத்த போட்டோ, கறுப்பு வெள்ளை, 16 ஏ3 தாள்ல பிரிச்சு பிரிண்ட் எடுத்து சேர்த்து ஒட்டினா 4 அடி அகலம் 5 அடிக்கு மேல உயரம் வரும். எங்கட தெருவு முனையில ஒரு சைக்கிள் கடை பூட்டிக் கிடக்கு, அந்த மதில்லதான் தம்பியக் கூட்டிக்கொண்டு போய் ராவு ஒரு மணிக்கு ஒட்டிட்டு வந்து படுத்துட்டன்.

விடிய ஆறரைக்கு பால் கொண்டுவாற அண்ணன் அம்மாட்ட கேக்கிறார், "பெத்தா எப்ப மோசம் போனா, ஒரு சொல்லும் சொல்லல்லயே" எண்டு. அம்மாக்கு ஒண்டும் விளங்கல்ல. மறுகா ஆரையம்பதியில இருந்து ஒரு மாமி சீனியும் தேயிலையும் வாங்கிக்கொண்டு அழுதுகொண்டே வாறா, பெத்தா விறாந்தையில இருந்து கச்சான் (நிலக்கடலை) புடைச்சுக்கொண்டு இருக்கிறா, மாமி அவவக் கண்டு அப்பிடியே வாசல்ல இருந்துட்டா. அம்மா ரெண்டு நாள் என்னோட கதைக்கல்ல. "உசிரோட இருக்கிற மனுசிய மதில்ல ஏத்திட்டியே" எண்டு ஒரே ஒரு தரம் சொன்னா, அது இப்பவும் காதுல கேக்குது. பெத்தா ஏசல்ல. அண்டு ராவு மட்டும் கேட்டா, "அதுல என்ட கைய ஏன் புள்ள காட்டல்ல?" எனக்கு பதில் வரல்ல.

அடுத்தடுத்த நாள்ல மாடு ஒண்டு கீழ் மூலையத் திண்டுட்டு, நாலாம் நாள் உண்மையான கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒண்ட யாரோ பெத்தாட நெத்திக்கு மேல ஒட்டிட்டாங்க. அதுக்குப் பிறகு நானே போய் கிழிச்சுட்டன்.

இப்ப என்னெண்டா அந்தப் படத்த யாரோ போன்ல எடுத்துப் போட்டு அது பரவி, அறுகம்பையில ஒரு ஹோட்டல்காரர் மெசேஜ் போட்டிருக்கார், அவங்கட உள் சுவர்ல அதே மாதிரி ஒண்டு செய்து தரட்டாம், 40,000 ரூபா தாறாங்களாம். தெருவுல ஒட்டின நேரம் சாவுநோட்டீஸ், ஹோட்டல்ல ஒட்டினா கலையா எண்டு எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு. காசு வேணும்தான், பொய் சொல்லல்ல. ஆனா எனக்கு தெருவுல ஒட்டத்தான் ஆசை. எங்கட ஊர் மதில்ல ஒரு உசிருள்ள ஆள்ட முகத்த எப்பிடி ஒட்டுறது? பசை, தாள் பத்தியும் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க, ஓரமெல்லாம் ரெண்டு நாள்ல சுருண்டு வந்துட்டு.

---

பிரஸ்_அண்ணன் எழுதினது:

தங்கச்சி, நான் கல்முனையில பிரஸ்ல 22 வருசமா வேல செய்யிறன், அதுல பாதி வேல மரண அறிவித்தலும் கண்ணீர் அஞ்சலியும் முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலியும்தான். அதால ஒங்கட படம் ஏன் அப்பிடி விளங்கிச்செண்டு எனக்கு நல்லாத் தெரியும். சதுரமான தாள், நேராப் பாக்கிற முகம், கழுத்தோட வெட்டு, கறுப்பு வெள்ளை. எங்கட சனத்துக்கு வாசிக்கவே தேவையில்ல, தூரத்துல இருந்து பாத்தாலே அது சாவுதான். எழுத்தில்லாட்டி என்ன, விபரம் பிறகு வரும் எண்டு நினைச்சிருப்பாங்க. இது ஒங்கட பிழை எண்டு சொல்ல மாட்டன், 50 வருசமா நாங்க அந்த மதிலுக்கு அப்பிடித்தான் பழக்கியிருக்கம்.

அதால முதல் வேல, சதுரத்த உடைங்க. ஆள முழுசா எடுத்து, உடம்புட ஓரத்தோட கத்தரிச்சு ஒட்டுங்க, கால் நிலத்துல முட்டுற மாதிரி. அப்ப அது நோட்டீஸ் இல்ல, ஆள் வந்து நிக்கிற மாதிரி இருக்கும். கைய ஏன் காட்டல்ல எண்டு பெத்தா கேட்டதுதான் சரியான பாடம், கையில வேல இருந்தா அது உசிருள்ள ஆள். நான் அடிச்ச ஒரு நோட்டீஸ்லயும் கை இருந்ததில்ல.

இனி பசை. நீங்க மாவ பச்சத்தண்ணியில கரைச்சு கொஞ்சம் சூடு காட்டிட்டு இறக்கியிருப்பீங்க, அதான் சுருண்டது. கோதுமை மா 60 பாகைக்கு மேல போனாத்தான் வெந்து பசையாகும். ஒரு கோப்பை மாவ கொஞ்சம் பச்சத்தண்ணியில கட்டி இல்லாமக் கரைச்சு, நாலு கோப்பை தண்ணி கொதிக்கேக்க மெல்ல ஊத்தி, அடிப்புடிக்காம கிண்டிக்கொண்டே இருங்க, வெள்ள நிறம் போய் கண்ணாடி மாதிரி வந்ததும் இறக்குங்க. ஆறினாப் பிறகு பாவிங்க, அடுத்த நாளைக்குள்ள முடிச்சிரணும், எங்கட வெக்கைக்கு அதுக்கு மேல வச்சா புளிச்சு மணக்கும். சீனி போட்டா இறுகும் எண்டு வீடியோவில சொல்லுவாங்க, இஞ்ச போட்டா எறும்புதான் வரும். பழைய ஆக்கள் பூச்சி அரிக்காம இருக்க துரிசு போடுவாங்க, கண்டிப்பாப் போட வேணாம், மாடும் ஆடும் நக்குற மதில், அது நஞ்சு.

தாள் 80 ஜிஎஸ்எம்முக்கு மேல போகாதீங்க. மெல்லிசுதான் பசையக் குடிச்சு சுவரோட சேரும், மினுங்குற ஆர்ட் பேப்பர் ஒரு நாள்ல உரிஞ்சிரும். வீட்டு இங்க்ஜெட்ல எடுத்தா கறுப்பு கரைஞ்சு ஓடும், டோனர் மெஷின்ல, அதான் லேசர் பிரிண்டர் மாதிரி தூள் மை போடுறதுல எடுங்க. வீட்டு பிளான் அடிக்கிற பெரிய மெஷின்ல எடுத்தா 3 அடி அகலத்துக்கு ஒரே தாளா வரும், 16 துண்டு பொருத்தத் தேவையில்ல. சுவரத் தும்புத்தடியால தட்டி தூசு எடுத்து, பசை ஒரு பூச்சு, தாள், மேல இன்னொரு பூச்சு, நடுவுல இருந்து ஓரத்துக்குத் தள்ளுங்க. சுண்ணாம்பு அடிச்ச மதிலெண்டா தாள் சுண்ணாம்பையும் உரிச்சுக்கொண்டு விழும், முதல் நாளே தண்ணிப்பசை ஒண்டு பூசிக் காயவிடுங்க. இப்ப கச்சான் எண்டுற சூடான காத்து வீசுற காலம், பகல் 12 மணிக்கு ஒட்டினா பசை புடிக்க முன்னமே காஞ்சு சுருளும், விடிய வெள்ளாப்போட ஒட்டுங்க.

---

சித்திரவாத்தி எழுதினது:

மகள், நான் அம்பாறை மாவட்டத்துல ஒரு பாடசாலையில சித்திரம் படிப்பிக்கிறன். தெருவுல ஒண்டு ஹோட்டல்ல இன்னொண்டா எண்டு நீங்க கேட்டது நல்ல கேள்வி, இதே இழுபறி வெளிநாட்டுலயும் நடந்திருக்கு.

ஷெப்பர்ட் ஃபெயரி எண்டு அமெரிக்காவில ஒராள், 1989ல காலேஜ் படிக்கேக்க ஒரு மல்யுத்த வீரர்ட முகத்த ஸ்டிக்கராவும் போஸ்டராவும் ஒட்டத் தொடங்கினவர். 2008ல ஒபாமாட 'ஹோப்' படம் செய்தவரும் அவர்தான், அது 2009 ஜனவரியில அங்கத்த தேசிய உருவப்பட அருங்காட்சியகத்துக்குள்ள போச்சு. அடுத்த மாசம் பாஸ்டன்ல ஒரு மியூசியத்துல அவர்ட பெரிய கண்காட்சி, அதுட திறப்புக்குப் போற வழியில பொலிஸ் புடிச்சது, சுவர்ல ஒட்டின கேசுக்கு. உள்ள தொங்கினா கலை, வெளியில இருந்தா குற்றம். ரெண்டும் ஒரே ஊர், ஒரே கிழமை. அந்த ஹோப் படத்துக்கு அவர் பாவிச்சது ஒரு செய்தி நிறுவனத்துட போட்டோ, அதால வழக்கு வந்து 2011ல தான் சமரசமாச்சு. நீங்க எடுத்த போட்டோவையே பாவிச்சது நல்ல வேல, அத விட்டுராதீங்க.

2008ல லண்டன் டேட் மொடர்ன் மியூசியம் அதுட வெளிச்சுவரையே தெருக் கலைஞர்களுக்குக் குடுத்தது, அதுல பிரான்ஸ்காரர் ஜேஆரும் ஒராள். அதே வருசம் அவர் ரியோ டி ஜெனீரோவில மலையில இருக்கிற ஏழைச் சனத்துட வீடுகள்ல, அங்க இருக்கிற பொம்பளையள்ட கண்ணையும் முகத்தையும் வீடளவுக்கு ஒட்டினவர். 2019ல பாரிஸ் லூவர் மியூசியத்துட கண்ணாடிப் பிரமிட்டுக்கு 30 வருசம் எண்டு அதச் சுத்தி நிலம் முழுக்க ஒட்டினவர், 400 தொண்டர்கள், 2000 தாள் கீலம். திறந்து ஒரு நாளுக்குள்ள சனம் நடந்து நடந்து கிழிஞ்சு போச்சு. லூவர் கூப்பிட்டாலும் தாள் தாள்தான் மகள், மதில்ல இருந்து நாலு நாள்ல போனதுக்கு நீங்க அழத் தேவையில்ல.

ஆனா ஒங்களுக்கு நான் காட்ட விரும்புறது இவங்கள இல்ல. ஸ்வூன் எண்டு ஒரு அமெரிக்கப் பொம்பளை இருக்கிறா, 1999 அளவுல இருந்து நியூயோர்க் சுவர்கள்ல ஒட்டினவ. கூட்டாளிகள், சொந்தக்காரர், தெருவுல கண்ட ஆக்கள், எல்லாம் ஆளளவுக்கு, பிரஸ் அண்ணன் சொன்ன மாதிரியே ஓரத்தோட வெட்டி, நடைபாதை உயரத்துல. 2014ல ப்ரூக்ளின் மியூசியம் அவக்கு ஒரு பெரிய மண்டபத்தையே குடுத்தது. அவக்கும் முன்னம் பிரான்ஸ்ல எர்னஸ்ட் பிஞோன்-எர்னஸ்ட், 1978ல கவிஞர் ரம்போட உருவத்த ஆளளவுல பாரிஸ் சுவர்கள்ல ஒட்டினவர், தோள்ல ஒரு ஜாக்கெட்ட போட்டுக்கொண்டு எங்கயோ நடந்து போற மாதிரி. ரம்போ செத்தது 1891ல. செத்த மனுசன் தெருவுல நடக்கிறார், ஒங்கட மதில்ல உசிரோட இருக்கிறவ செத்துப்போறா. வித்தியாசம் நிக்கிற விதத்துலதான், அத யோசிச்சுப் பாருங்க.

ஹோட்டல் வேலைய எடுங்க, காசு தேவையெண்டா வெக்கப்பட ஒண்டுமில்ல. ஆனா எழுத்துல ஒரு விசயம் வாங்குங்க, பெத்தாட முகத்த மெனுவிலயும் டீசேர்ட்லயும் விளம்பரத்துலயும் அவங்க போடக்கூடாது. பெத்தா இல்லாம வேற ஒரு படம் செய்ய ஏலுமெண்டா இன்னும் நல்லம்.

---

சுவர்சுத்தம் எழுதினது:

எல்லாரும் ஒட்டுறதப் பத்திக் கதைக்கிறீங்க, கழட்டுற ஆளப் பத்தி ஒராளும் கதைக்கல்ல. என்ட அப்பா சுத்திகரிப்பு வேலையில 18 வருசம். எலக்சன் முடிஞ்சா, டியூசன் சீசன் வந்தா, மியூசிக்கல் ஷோ வந்தா அவருக்கு சுரண்டுற வேலதான். நகத்துக்குள்ள ரத்தம் கட்டி வீட்ட வருவார். மாவுப்பசையெண்டா தண்ணி அடிச்சு ஊறவிட்டா வந்துரும், இப்ப சில பேர் மரவேலைக்குப் பாவிக்கிற வெள்ளைப் பசைய ஊத்துறாங்க, அது சுவர் பிளாஸ்டரோடதான் வரும்.

அக்கா, ஒங்கட பெத்தாட படத்த நான் பாத்தன், எனக்கு மிச்சம் புடிச்சது. ஆனா நீங்க ராவுல ஒட்டிட்டுப் போனா விடிய அதுவும் எங்கட அப்பாக்கு ஒரு குப்பைதான். தயவு செய்து மாவு மட்டும் பாவிங்க, கிழியத் தொடங்கினா நீங்களே வந்து கழுவுங்க. நீங்களே கிழிச்சதா எழுதியிருந்தீங்க, அத வாசிச்சாப் பிறகுதான் எனக்கு இத எழுத மனம் வந்தது.

---

படுவான்கரையான் எழுதினது:

பிள்ளைக்கு நான் ஒண்டு சொல்லணும், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்க.

வெளிநாட்டுக் கதையெல்லாம் வாத்தியார் வடிவாச் சொன்னார். ஆனா அங்க ராவோட ராவா ஒட்டுறதுக்கும் இஞ்ச ஒட்டுறதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு, அது ஒங்கட வயசுக்குத் தெரியாது, தெரியாம இருக்கிறதும் நல்லதுதான். எங்கட காலத்துல, யுத்தம் நடந்த நேரம், ராவுல மதில்ல ஒரு தாள் ஏறினா விடிய ஒட்டினவன் இருக்க மாட்டான், மதில்காரன்தான் இருப்பான். "யார் ஒட்டின, நீ ஏன் விட்ட" எண்டு அவனத்தான் கேப்பாங்க. கிழிச்சா ஒரு பக்கம் கேக்கும், கிழிக்காட்டி மற்றப் பக்கம் கேக்கும். எங்கட வீட்டு மதில்லயும் ஏறிச்சு. அய்யா விடிய நாலு மணிக்கு எழும்பி டோர்ச்ச அடிச்சு மதிலப் பாத்துட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார், 2009ல யுத்தம் முடிஞ்ச பிறகும் அது கன காலம் விடல்ல அவர. அந்தப் பூட்டின சைக்கிள் கடைக்கும் ஒரு சொந்தக்காரர் எங்கயோ இருப்பார், பிள்ள. அவரத் தேடிப் புடிச்சு ஒரு சொல்லுக் கேளுங்க. கேட்டா கலைட வேகம் போயிரும் எண்டு சில பேர் சொல்லுவாங்க, நான் அத ஏத்துக்கொள்ள மாட்டன். இஞ்ச கேக்கிறதுதான் புதுசு. எங்கட மதில ஒராளும் கேட்டு ஒட்டினதில்ல.

மற்றது முகம். தாள்ல பெரிசாக்கின முகமெண்டா எங்களுக்கு செத்த ஆக்கள் மட்டுமில்ல. பிள்ளையக் காணாத தாய்மார் அந்தப் படத்த லேமினேட் பண்ணி நெஞ்சோட புடிச்சுக்கொண்டு காந்திப் பூங்காவடியில நிண்டத நான் எத்தினை தரம் கண்டிருக்கன். அந்த முகங்களுக்கு செத்தாச்செண்டு ஒராளும் சொல்ல ஏலாது, இருக்கெண்டும் சொல்ல ஏலாது. அதால எங்கட சனம் ஒரு முகத்த மதில்ல கண்டவுடன நெஞ்சு திக்கெண்டு நிக்கிறது அறிவில்லாத்தனம் இல்ல. ஒங்கட மாமி வாசல்ல இருந்துட்டா எண்டு வாசிச்ச நேரம் எனக்கு அழுகை வந்துட்டு.

ஒட்ட வேணாமெண்டு நான் சொல்லல்ல. ஒட்டணும். அந்த மதில்ல உசிருள்ள ஆக்களும் ஏறணும் எண்டுதான் நான் சொல்றன். ஆனா பெத்தாட்ட கேட்டு, மதில்காரர்ட்ட கேட்டு, பகல்ல, சனம் பாத்துக்கொண்டு நிக்க ஒட்டுங்க. அப்ப கேள்வியெல்லாம் அங்கயே கேட்டு முடிஞ்சிரும்.

---

மருதமுனைத்தறி எழுதினது:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும். படுவான்கரை அண்ணன் எழுதினத ரெண்டு தரம் வாசிச்சன்.

தங்கச்சி, எங்கட ஊர்ல முகத்த பெரிசா ஒட்டினா விரும்பாத ஆக்கள் இரிக்காங்க, மார்க்க விசயம், அத நான் மதிக்கிறன். அதால நான் போன வருசம் என்ட வாப்பாட கைய மட்டும் ஒட்டின. எங்கட குடும்பம் தறிக்காரர், மருதமுனைச் சாரம் எண்டா ஒங்களுக்கும் தெரியும்தானே. தறியில நூல் அறுந்தா ரெண்டு விரலால முடிச்சுப் போடுற அந்தக் கைய மட்டும் போட்டோ எடுத்து, 6 அடிக்கு அடிச்சு எங்கட சொந்தக் கட ஷட்டர்ல. ஒராளும் மௌத்து எண்டு நினைக்கல்ல. ஆனா இன்னொண்டு நடந்த, ஊர்ல வயசான தறிக்காரர் மூணு பேர் வந்து நிண்டு அது யார்ட கையெண்டு சொல்லிட்டாங்க, முடிச்சுப் போடுற விதத்த வச்சு. வாப்பா கேட்டுட்டு ஒண்டும் பேசல்ல, உள்ளுக்குப் போய் தேத்தண்ணி போட்டு அவங்களுக்குக் குடுத்தாரு.

ஷட்டர்ல பசை வடிவா நிக்காது எண்டதையும் சொல்லிடுறன். வெயிலுக்கு இரும்பு சுட்டு தாள் வெடிச்சிரும், 9 நாள்தான் நிண்ட. மதில்தான் நல்லம். மாரி துவங்க முதல் செய்யணும், கார்த்திகை மழைக்கு ஒரு தாளும் நிக்காது.

2019 கடைசியில நாடு முழுக்க இளைஞர்கள் சுவர்ல படம் கீறினாங்களே, அப்ப நானும் போன. பெயின்ட் இலவசமாக் கிடைச்ச, சந்தோசமாத்தான் இரிந்த. ஆனா என்ன கீறணும் எண்டு முதலே முடிவாகி வந்த, எங்கட தறியும் இல்ல, ஒங்கட வாவியும் இல்ல. தாள்ல செய்யிறதுல எனக்கு விருப்பம் அதுதான். பெரிய காசு தேவையில்ல, ஒராள்ட உத்தரவும் தேவையில்ல, மதில்காரர்ட சம்மதத்தத் தவிர.

---

வாவிக்கரைப்புள்ள எழுதினது:

எல்லாருக்கும் மிச்சம் நன்றி, பதில் போட ரெண்டு கிழமை ஆயிட்டு, செய்து பாத்துட்டு எழுதுவம் எண்டு இருந்த நான்.

படுவான்கரை ஐயா, நீங்க எழுதினத அம்மாக்கு வாசிச்சுக் காட்டின நான். அம்மா இடையில எழும்பி குசினிக்குள்ள போயிட்டா, மறுகா வந்து "மிச்சத்தையும் வாசி" எண்டா. அவட தம்பி ஒராளும் 1990ல காணாமப் போனவர். அத நான் யோசிக்கவே இல்ல, எங்கட வீட்டுல அந்தப் படம் சாமியறையிலயும் இல்ல, ஹோல்லயும் இல்ல, அலுமாரிக்குள்ளதான் இருக்கு. ஏன் எண்டு இப்பத்தான் விளங்குது. பெத்தாட முகம் மதில்ல ஏறின அண்டு அம்மாக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு நினைச்சா எனக்கு நித்திரை வரல்ல.

சைக்கிள் கடைக்காரரத் தேடிப் புடிச்ச நான், மகளோட கல்லடியில இருக்கிறார். போய்க் கதைச்சன். அந்த மதில் வேணாம், மாமாங்கம் போற ரோட்டுல என்ட தங்கச்சிட வீட்டு மதில் இருக்கு, ஆடி அமாவாசைக்கு தீர்த்தம் பாக்கப் போற சனமெல்லாம் அதால தான் போகும், அங்க ஒட்டு எண்டார். பெத்தா 30 வருசத்துக்கு மேல மாமாங்கத் திருவிழாவில கச்சான் விக்கிறவ, அதையும் அவருக்குச் சொன்ன நான், "ஓ அந்த மனுசியா, எனக்கு நல்லாத் தெரியுமே, சுருள் எப்பவும் நிறைச்சுத்தான் தருவா" எண்டார்.

புதுசா போட்டோ எடுத்தம். இந்த முறை பெத்தா சொன்ன மாதிரி. எனக்கு அவ நிக்கிறதுதான் வடிவாத் தெரிஞ்சது, அவ மாட்டன் எண்டுட்டா, "நான் எந்த நாள் நிண்டு வித்தனான்" எண்டு கேட்டா. அதால கால மடக்கி இருக்கிறா, ஒரு கையில பேப்பர் சுருள், மற்றக் கையால கச்சான் அள்ளுறா. பிளான் மெஷின்ல எடுத்து, ஓரத்தோட வெட்டி, மஞ்சள் சீலைய மட்டும் நான் கையால கலர் தீட்டின நான். பசை பிரஸ் அண்ணன் சொன்ன மாதிரி காய்ச்சினன், உண்மையிலயே கண்ணாடி மாதிரி வந்தது. முதல்ல எங்கட வீட்டு உள் மதில்ல ஒட்டி 10 நாள் விட்டுப் பாத்தன், ஒரு ஓரமும் எழும்பல்ல. தம்பி சுவர்சுத்தம், திருவிழா முடிஞ்ச அடுத்த நாள் நானே கழுவுவன், அப்பாட்ட சொல்லுங்க.

ஹோட்டல்காரருக்கு பெத்தா இல்ல, வேற படம் செய்து தாறன் எண்டு எழுதின நான், இன்னும் பதில் வரல்ல.

ஒட்டுறது வாற ஞாயிற்றுக்கிழமை விடிய 6 மணிக்கு. பகல் வெளிச்சத்துல, வீட்டுக்காரர் நிக்கத்தான். அம்மாவும் வாறாவாம். ஏலுமான ஆக்கள் வாங்க, வெள்ளையடிக்கிற பிரஷ் இருந்தா ஒண்டு கொண்டு வாங்க, எங்களிட்ட ரெண்டுதான் இருக்கு. படம் ஒட்டுற இடத்துக்குக் கீழதான் இந்த முறை பெத்தா கச்சான் பரப்பி இருக்கப்போறா, மதில்காரர் அதுக்கும் சரியெண்டுட்டார்.

---

பிரஸ்_அண்ணன் எழுதினது:

கல்முனையில இருந்து முதல் பஸ்ல வாறன் தங்கச்சி, ரெண்டு பிரஷும் ஒரு தும்புத்தடியும் கொண்டு வருவன். மதில் சுண்ணாம்போ பெயின்டோ எண்டு சனிக்கிழமைக்குள்ள பாத்துச் சொல்லுங்க. சுண்ணாம்பெண்டா அண்டு பின்னேரமே தண்ணிப்பசை பூசணும்.